தறியில் இல்லாத சேலைக்கு விளம்பரம் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த தீபாவளிக்கு நான்கு நாட்கள் இருக்கும்போது கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து ஒரு பொதி எனக்குத் திரும்பி வந்தது. உள்ளே நான் அனுப்பிய கைத்தறிச் சேலை மடிப்புக் குலையாமல் இருந்தது. அதன் மேல் வைத்திருந்த கொப்பித் தாளில், "படத்தில் இருந்த சேலையை அனுப்புங்கள், இது வேறு" என்று வாங்கிய பெண் எழுதியிருந்தார். அவர் எழுதியதில் ஒரு பிழையும் இல்லை. அந்தச் சேலை எங்கள் கிழக்குக் கரையோர நெசவூரான மருதமுனையில் நெய்யப்பட்டது. நூலிலோ சாயத்திலோ அளவிலோ குறை சொல்ல முடியாது. ஆனால் அவர் பார்த்து ஆசைப்பட்டுப் பணம் கட்டிய படத்தில் இருந்த சேலை எந்த ஊரிலும் எந்தத் தறியிலும் நெய்யப்பட்டதே இல்லை. என் இணையக் கடையின் விளம்பரத்தைப் பொறுப்பேற்றிருந்த நிறுவனம் செயற்கை நுண்ணறிவுச் செயலியைக் கொண்டு உருவாக்கிய படம் அது. இதைப் பற்றி எழுதாமல் இருப்பது சரியல்ல என்று பட்டதால் இக்கடிதத்தை எழுதுகிறேன். எங்கள் பகுதியில் கைத்தறி, பன்வேலை, பனையோலைப் பொருட்கள், தேன், வீட்டுத் தயாரிப்புத் தின்பண்டங்கள் என்று இணையத்தில் விற்கத் தொடங்கியிருக்கும் பலரும் இன்று நான் கடந்துவந்த அதே வழியில்தான் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

நான் கல்லடியில் இருந்துகொண்டு ஏழு வருடங்களாகச் சேலைகளும் சாரங்களும் விற்று வருகிறேன். கடை என்று சொல்லத் தனியே ஒரு கட்டடம் இல்லை. வீட்டு முன்னறையில் இரண்டு அலுமாரிகள், ஒரு முகநூல் பக்கம், ஒரு வட்ஸ்அப் இலக்கம், இவ்வளவுதான் கடை. மருதமுனையில் மூன்று வீடுகளிலிருந்து துணி எடுக்கிறேன். மாதம் இருபது, இருபத்தைந்து சேலைகள் போகும். படங்களை நானே தொலைபேசியில் எடுத்துப் போடுவேன். விளம்பரத்துக்கென்று எப்போதாவது இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாவுக்குப் 'பூஸ்ட்' போடுவதோடு சரி. இந்த அளவில் நின்றிருக்கலாமே என்று சிலர் கேட்கக்கூடும். நூல் விலையும் சாய விலையும் கூரியர் கட்டணமும் ஏறிக்கொண்டே போகும்போது இருபது சேலையில் நெசவாளிக்கும் விற்பவருக்கும் ஒரு மாதம் ஓடாது. 2022 மார்ச்சுக்கு முன் 200 ரூபா அளவில் இருந்த டொலர் அதன் பின் 300 ரூபாவைத் தாண்டியது. முகநூல் விளம்பரத்துக்குக் கட்டும் ஒவ்வொரு சதமும் அந்தக் கணக்கில்தான் போகிறது. அதே வேளையில் பக்கத்து ஊர்களிலும் கொழும்பிலும் இந்தியாவிலும் உள்ள கடைகளின் விளம்பரங்கள் எங்கள் வாடிக்கையாளர்களின் திரைகளில் நாளுக்குப் பத்துத் தடவை வந்து போகின்றன. இரவு பதினொரு மணிக்கு வரும் இன்பொக்ஸ் கேள்விகளுக்குப் பதில் எழுதிக்கொண்டு, காலையில் பொதி கட்டிக்கொண்டு, இடையில் விளம்பரத்தையும் பார்ப்பது ஓர் ஆளால் ஆகிற காரியமில்லை. ஆகவே வேலையை வெளியே கொடுப்பதென்று நான் எடுத்த முடிவு பிழையென்று இன்றும் நினைக்கவில்லை. என்ன வேலையைக் கொடுக்கலாம், எதைக் கைவிட்டுவிடக் கூடாது என்பதை யோசிக்காமல் கொடுத்ததுதான் பிழை.

மாதம் 25,000 ரூபா சேவைக் கட்டணம், விளம்பரச் செலவு அதற்குப் புறம்பாக 30,000 ரூபா என்று பேசினோம். நிறுவனத்திலிருந்து பேசிய தம்பி மிகவும் பணிவானவர். "அக்கா, ஒவ்வொரு சேலையிலயும் ஒரே ஒரு போட்டோ அனுப்புங்க, மிச்சத்த நாங்க பாத்துக்கொள்ளுறம்" என்றார். நானும் மேசையில் விரித்து எடுத்த படங்களை அனுப்பினேன். மறுநாளே ஒவ்வொன்றுக்கும் பதினைந்து, இருபது படங்களாகத் திரும்பி வந்தன. உண்மையைச் சொல்வதானால் முதலில் எனக்கு மகிழ்ச்சியாகவே இருந்தது. நாற்சார் வீடொன்றின் திண்ணை, பித்தளைக் குத்துவிளக்கு, மாலை வெயில், அதில் என் சேலையை உடுத்து நிற்கும் ஒரு பெண். எங்கள் வீட்டு முன்னறையில் எடுத்த படத்திலிருந்து இது எப்படி வந்தது என்று பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

நன்றாகப் பார்த்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். என் சேலை கடும் பச்சை உடலும் அரக்குக் கரையும் கொண்ட பருத்திச் சேலை. கரையில் மூன்று கோடுகள், கோடுகளுக்கிடையில் சிறிய வைரக் கட்டங்கள், அவ்வளவே. படத்துப் பெண் உடுத்திருந்த சேலையின் கரையில் பொன்னிறச் சரிகையில் மயில்கள் வரிசையாக நின்றன. தோளில் இருந்த மயிலுக்குத் தோகை இருந்தது. கொய்யகத்துக்குள் போய் வெளியே வந்த அதே கரையில் மயில் போய்ப் பூங்கொடி வந்திருந்தது. பருத்தி நூலுக்கு வராத பட்டுப் பளபளப்பு துணி முழுவதும் ஓடியது. தலைப்பில் குஞ்சம் முடிந்திருந்தது. என் சேலைக்குக் குஞ்சமே கிடையாது. பச்சை நிறம் மாத்திரம் ஏறத்தாழ ஒத்திருந்தது.

அந்த வாரம் துணி எடுக்க மருதமுனைக்குப் போனபோது, அந்தச் சேலையை நெய்தவரிடம், நான் 'காக்கா' (அண்ணன்) என்று அழைக்கும் நெசவாளியிடம், தொலைபேசியை நீட்டினேன். அவருக்கு அறுபது வயது கடந்துவிட்டது. 2004 ஆழிப்பேரலையில் வீட்டோடு இரண்டு தறிகளையும் கொடுத்துவிட்டு, பிறகு கிடைத்த ஒரு தறியில் மறுபடியும் தொடங்கியவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். "இது எந்தத் தறியில நெய்த சேல தங்கச்சி?" என்று கேட்டார். "உங்கட தறியில நெய்ததுதான் காக்கா" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தறியருகே கூட்டிக்கொண்டு போய் மிதிகளைக் காட்டினார். இந்த மிதிகளில் கோடும் கட்டமும் சிறு வைரமும் வரும். மயிலின் கழுத்தைப்போல வளைந்து போகும் உருவம் வேண்டுமானால் பாவு நூல் ஒவ்வொன்றையும் தனித்தனியே தூக்கும் ஜக்கார்ட் பொறி வேண்டும், அது தன்னிடம் இல்லை என்றார். ஒரு சேலை அவருடைய தறியிலிருந்து இறங்க இரண்டு நாளாவது செல்லும். இரண்டு நாள் மிதித்து நெய்த துணியை விற்பதற்கு, அவர் நெய்யாத துணியின் படத்தை நான் போட்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இது ஏன் இப்படி நடக்கிறது என்பதைப் பின்னர் கொஞ்சம் தேடிப் படித்தேன். நாங்கள் அனுப்பும் படத்தை இந்தச் செயலிகள் துடைத்து மினுக்கித் தருகின்றன என்றே பலரும் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அவை செய்வது வேறு வேலை. இணையத்திலிருந்து திரட்டிய கோடிக்கணக்கான படங்களையும் அவற்றோடு கிடந்த எழுத்துக் குறிப்புகளையும் கொண்டு பழக்கப்பட்டவை அவை. 2022இல் வெளியான லாயன் 5பி என்ற ஒரு தொகுப்பில் மட்டும் 585 கோடி படங்களின் இணைப்புகள் இருந்தன. 'சேலை' என்று கேட்டதும், பழகிய படங்களில் சேலை என்பது பெரும்பாலும் எப்படி இருந்ததோ அப்படியொன்றைப் புதிதாக வரைந்துவிடுகின்றன. இணையத்தில் சேலை என்றால் காஞ்சிபுரமும் பனாரசும்தான் நிறைந்து கிடக்கின்றன. மருதமுனைச் சேலையின் படங்கள் அந்தக் கடலில் எத்தனை இருந்துவிடப் போகின்றன? ஆகவே எங்கள் பருத்தியின் மேல் சரிகையும், எங்கள் கோட்டின் மேல் மயிலும் தாமாகவே வந்து உட்கார்ந்துவிடுகின்றன. செயலிக்கு ஏமாற்றும் எண்ணம் கிடையாது. தெரியாத இடத்தைத் தெரிந்ததைக் கொண்டு நிரப்புகிறது. ஆனால் அந்த நிரப்பலில் அழிந்துபோவது எங்கள் துணியின் முகம்.

என்னை மிகவும் வருத்துவது இதுதான். திரும்பி வந்த பொதிகளால் நட்டப்பட்ட பணத்தை இரண்டு மூன்று மாதங்களில் மீட்டுக்கொள்ளலாம். மருதமுனைத் துணி என்ற பெயரில் மருதமுனையில் நெய்யப்படாத துணியின் படங்கள் நூற்றுக்கணக்கில் இணையத்தில் பரவிவிட்டால், நாளைக்கு அந்தப் பெயரைத் தேடுகிறவருக்கு அவைதான் முன்னே வரும். அடுத்த செயலிகள் பழகுவதும் அந்தப் படங்களைக் கொண்டுதான். பத்து வருடம் போனால், உண்மையான மூன்று கோட்டுக் கரையைப் பார்க்கும் ஒருவர் "இது மருதமுனைச் சேலை மாதிரி இல்லையே" என்று சொல்லக்கூடும். கடலுக்குத் தறியைக் கொடுத்துவிட்டு மீண்ட ஊர், சொந்த விளம்பரத்தால் தன் அடையாளத்தைத் தொலைக்க நாங்கள் காரணமாகலாமா?

விற்பனைக் கணக்கையும் சொல்ல வேண்டும். தீபாவளி மாதத்தில் 46 பேர் ஓடர் கொடுத்தார்கள். ஏழு வருடத்தில் எனக்கு அப்படியொரு மாதம் வந்ததில்லை. நிறுவனம் அனுப்பிய அறிக்கையில் எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் கிளிக் செய்தார்கள், எத்தனை பேர் இன்பொக்ஸுக்கு வந்தார்கள் என்று எல்லாம் வண்ணப் படங்களாக இருந்தன. 19 பொதிகள் திரும்பி வந்த செய்தி அந்த அறிக்கையின் எந்த மூலையிலும் இல்லை. அவர்களுக்கு அது தெரியவும் தெரியாது. நானும் நெசவாளியும் கூரியர் தம்பியும் மட்டுமே அறிந்த கணக்கு அது. போகவும் வரவும் ஒரு பொதிக்கு 900 ரூபா வீதம் கூரியருக்கே 17,100 ரூபா போயிற்று. பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். பண்டிகைக்கென்று நெய்வித்த சேலைகள் பண்டிகை முடிந்த பின் அலுமாரிக்குத் திரும்பின. இவற்றையெல்லாம் விட, திருப்பி அனுப்பாமல் முகம் சுளித்துக்கொண்டு வைத்துக்கொண்டவர்கள் எத்தனை பேர், அவர்கள் தங்கள் சொந்தக்காரரிடம் என் கடையைப் பற்றி என்ன சொன்னார்கள் என்பதை நினைக்கும்போது இன்னும் மனம் கனக்கிறது.

விளம்பரத் தளங்களும் இந்தப் பக்கமாகவே எங்களைத் தள்ளுகின்றன. எந்தப் படத்தைக் கூடுதலானோர் தொட்டுப் பார்க்கிறார்களோ அதையே மேலும் பலருக்குக் காட்டும்படி அவை அமைக்கப்பட்டிருக்கின்றன. மேசையில் விரித்த பருத்திச் சேலையும் மயில் கரைச் சரிகைச் சேலையும் ஒரே விளம்பரத்தில் போட்டியிட்டால் எது வெல்லும் என்று சொல்லத் தேவையில்லை. முகநூலை நடத்தும் மெட்டா, கூகுள், அமேசன் ஆகிய மூன்றுமே விளம்பரதாரருக்கான செயற்கைப் பட வசதிகளைத் தங்கள் தளங்களுக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டன. விளம்பரம் போடுகிறவர் ஒவ்வொரு தெரிவையும் திறந்து பார்த்து, வேண்டாததை நிறுத்திக்கொள்ள வேண்டும். அந்தப் பொறுமையும் பொருளைப் பற்றிய அறிவும் பொருளைத் தொட்டே பார்க்காத ஒரு நிறுவனத்துக்கு எங்கிருந்து வரும்?

வெளிநாட்டிலும் இந்தப் பிரச்சினை இருக்கிறது, ஆனால் அதன் வடிவம் வேறு. 2023இல் லீவைஸ் நிறுவனம் செயற்கை மாதிரிப் பெண்களைப் பரீட்சித்துப் பார்க்கப் போவதாகச் சொன்னபோதும், 2025 மார்ச்சில் எச் அண்ட் எம் நிறுவனம் மாதிரிக் கலைஞர்கள் 30 பேரின் கணினி உருவங்களைச் செய்யப் போவதாக அறிவித்தபோதும், அதே வருடம் ஓகஸ்ட் மாத வோக் சஞ்சிகையில் கெஸ் நிறுவனத்தின் செயற்கைப் பெண் விளம்பரம் வந்தபோதும், உடுத்து நிற்பவர் மெய்யான மனிதரா என்பதே பெரிய வாதமாயிற்று. அங்கே உடுப்பு தொழிற்சாலையில் ஒரே அச்சில் இலட்சக்கணக்கில் வருவது. அதன் உருவத்தைக் கணினியில் சரியாகக் கொண்டுவர அந்தக் கொம்பனிகளிடம் ஆளும் பணமும் உண்டு. எங்களுக்கோ உடுத்திருப்பவர் பொய்யாக இருப்பதை விட உடுத்த துணியே பொய்யாகிவிடுவதுதான் இடர். ஒரே தறியில் ஒரே கையால் நெய்த இரண்டு சேலைகளே ஒன்றைப்போல் ஒன்று இருப்பதில்லை.

நாட்டின் சட்டம் இவ்விடயத்தில் வாய்மூடி இருக்கிறது என்று எண்ணுகிறவர்களுக்காக ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, நுகர்வோரைத் தவறாக வழிநடத்துகின்ற அல்லது ஏமாற்றுகின்ற நடத்தையில் எந்த வர்த்தகரும் ஈடுபடலாகாது என்கிறது. பொருளின் வகை, தரம், சேர்மானம், பாணி ஆகியவற்றைப் பற்றிப் பொய்யாக எடுத்துக்காட்டுவதை 31ஆம் பிரிவு தடுக்கிறது. அதில் செயற்கை நுண்ணறிவு என்ற சொல் இல்லை. இருக்க வேண்டிய தேவையும் இல்லை. பருத்தியைப் பட்டாகக் காட்டும் படத்தைத் தூரிகையால் வரைந்தாலும் செயலியால் வரைந்தாலும் காட்டியது பொய்தான். படத்தைச் செய்தது நான் அமர்த்திய நிறுவனம் என்று சொல்லி நான் விலகிக்கொள்ளவும் முடியாது, ஏனெனில் வாங்கியவர் நம்பியது என் கடையின் பெயரை. அந்த அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அவர் அழைத்திருந்தால் பதில் சொல்ல வேண்டியவள் நானே. அவர் அழைக்காமல் கொப்பித் தாளில் எழுதி அனுப்பினார் என்பதற்காக அவருக்கு நான் நன்றியுடையவள்.

வேலையை வெளியே கொடுக்கும்போது நாங்கள் இழப்பது படத்தின் உண்மையை மட்டுமன்று. நவம்பர் மாதத்தில் ஒப்பந்தத்தை நிறுத்தலாம் என்று சொன்னபோதுதான் என் கடையில் எது என்னுடையது, எது அவர்களுடையது என்று எனக்கே தெரியவந்தது. விளம்பரக் கணக்கு அவர்கள் பெயரில் இருந்தது. ஐந்து மாதம் என் பணத்தில் ஓடிய விளம்பரங்களின் முழுப் பதிவும், யார் யார் பார்த்தார்கள், யார் வாங்கினார்கள் என்பதைக் கொண்டு சேர்ந்த பட்டியல்களும் அந்தக் கணக்கோடு போய்விட்டன. என் பக்கத்துக்கு அவர்களில் இருவர் முழு அதிகாரம் பெற்ற 'அட்மின்' ஆக இருந்தார்கள்; நான் அவர்களுக்குக் கீழே இருந்தேன். அதைத் திருப்பிப் பெற மூன்று வாரம் சென்றது. நான் மாதா மாதம் கொடுத்த 30,000 ரூபாவில் எவ்வளவு உண்மையாகவே விளம்பரத்துக்குப் போயிற்று என்பதற்கு ஒரு பற்றுச்சீட்டும் என்னிடம் இல்லை. வாடிக்கையாளரின் பெயர், விலாசம், தொலைபேசி இலக்கம் அடங்கிய ஓடர் தாள்களையும் அவர்களோடு பகிர்ந்திருந்தேன். தனிநபர் தரவுகளைப் பாதுகாக்க 2022இல் 9ஆம் இலக்கச் சட்டம் நிறைவேற்றப்பட்டிருக்கும் நாட்டில், என்னை நம்பித் தந்த இலக்கங்களை எழுத்தில் ஓர் உறுதியும் வாங்காமல் பிறரிடம் ஒப்படைத்தேன் என்பது எனக்குத் தலைகுனிவு.

இந்த வழியில் இறங்க நினைக்கும் சகோதரிகளுக்குச் சொல்கிறேன். விளம்பரக் கணக்கை உங்கள் பெயரில், உங்கள் அட்டையில் திறவுங்கள். நிறுவனத்துக்குக் கடவுச்சொல்லைக் கொடுக்கவே வேண்டியதில்லை; வேலை செய்வதற்கான அனுமதியை மட்டும் கொடுத்து, வேண்டாதபோது எடுத்துவிடும் வழி அந்தத் தளத்திலேயே இருக்கிறது. மாத முடிவில் தளம் தரும் பற்றுச்சீட்டை நீங்களே இறக்கிப் பாருங்கள். பேச்சு எவ்வளவு இனிமையாக இருந்தாலும் ஒரு பக்கத் தாளிலாவது எழுதிக் கையொப்பமிடுங்கள், அதில் 'பொருளின் உருவத்தைச் செயலியால் மாற்றக் கூடாது' என்ற வரி இருக்கட்டும்.

இந்த வேலையைச் செய்கின்ற இளைஞர்களைக் குறை கூறுவது என் நோக்கமன்று. வந்தாறுமூலை, ஒலுவில் பல்கலைக்கழகங்களில் படித்துவிட்டு, ஊரைவிட்டுப் போகாமல் ஒரு மடிகணினியை வைத்துக்கொண்டு உழைக்கும் பிள்ளைகள் பலர் இத்தொழிலில் இருக்கிறார்கள். ஒரு மாதத்தில் பத்துக் கடைக்கு வேலை செய்தால்தான் அவர்களுக்குக் கட்டும். பத்துக் கடைக்கும் போய்ப் படமெடுக்க அவர்களால் இயலாது. இன்னொரு காரணமும் உண்டு, அதை மறைக்காமல் சொல்வது நல்லது. சேலையை உடுத்துப் படத்துக்கு நிற்க எங்கள் ஊர்களில் பெண்கள் இலேசில் முன்வருவதில்லை. முன்வந்தாலும் வீட்டில் விடுவதில்லை, விட்டாலும் படத்தை யார் எடுத்து எங்கே போடுவார்களோ என்ற பயம் இருக்கிறது. அந்தப் பயம் நியாயமானது. முகம் கொடுக்க ஆளில்லாத இடத்தில் செயலி ஒரு முகத்தைக் கொடுத்துவிடுகிறது என்பதால்தான் இது இவ்வளவு வேகமாகப் பரவுகிறது.

ஆனாலும் சேலையைக் காட்டப் பெண்ணொருத்தியின் முகம் கட்டாயம் வேண்டும் என்று யார் சொன்னது? ஒப்பந்தம் முடிந்த பிறகு நான் மறுபடியும் என் தொலைபேசியையே எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு சேலைக்கும் நான்கு படங்கள். முதலாவது, நெசவு நடக்கும்போதே தறியில் வைத்து. மற்றவை என் வீட்டில் காலை எட்டரை மணிக்கும் ஒன்பதரைக்கும் இடையில், வெயில் நேரே விழாத யன்னலோரம். கொடியில் தொங்கவிட்டு முழு நீளமும் தெரியும்படி ஒன்று. கரையும் தலைப்பும் சேரும் இடத்தை ஓர் அடிமட்டத்தோடு கிட்டவைத்து ஒன்று. கடைசியாக, துணியைக் கையில் பிடித்து, உள்ளே விரல் நிழல் தெரியும்படி ஒன்று. பருத்தி எவ்வளவு மெல்லியது என்பதை அந்தப் படம் சொல்கிற அளவுக்கு என்னால் எழுத்தில் சொல்ல முடிவதில்லை. ஒவ்வொரு படத்திலும் ஓரத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைக்கிறேன். தாள் வெள்ளையாகத் தெரிந்தால் பச்சையும் பச்சையாகத் தெரியும். தாள் மஞ்சளடித்தால் படத்தைத் திரும்ப எடுக்கிறேன்.

தைப்பொங்கல் மாதத்தில் 27 ஓடர்கள் வந்தன, இரண்டு பொதிகள் திரும்பின. அவற்றில் ஒன்று நிறம் திரையில் தெரிந்ததை விடக் கடுமையாக இருக்கிறது என்று வந்தது; அதுவும் என் குறையே. தீபாவளி மாதத்து 46 என்ற எண்ணை நான் இன்னும் தொடவில்லை. தொட எத்தனை காலம் செல்லும் என்றும் தெரியாது. படத்தின் பின்னணியில் கிடந்த கூடையை அகற்றவும், மங்கலான வெளிச்சத்தைத் தெளிவாக்கவும், சிங்களத்தில் குறிப்பு எழுதவும் இப்போதும் செயலியைப் பயன்படுத்துகிறேன். துணி இருக்கும் இடத்தில் மட்டும் அதன் கை படக் கூடாது என்பதை விதியாக வைத்திருக்கிறேன். அழகுக்காகத் திண்ணையும் விளக்கும் வேண்டுமென்று ஆசைப்படும் கடைக்காரர்கள் வைக்கட்டும், ஆனால் படத்தின் கீழே, இது கணினியால் உருவாக்கப்பட்ட படம் என்று தமிழிலும் சிங்களத்திலும் தெளிவாக எழுதட்டும். கூகுளின் வணிகத் தளத்தில் பொருட்களைப் பட்டியலிடுவோர், செயலியால் உருவாக்கிய படமானால் அதைக் காட்டும் குறியீட்டைப் படக் கோப்பிலிருந்து நீக்கக் கூடாது என்று அந்த நிறுவனமே விதி வைத்திருக்கிறது. உண்மையெனத் தோன்றும்படி செயற்கையாக ஆக்கிய படங்களை அவ்வாறே அறிவிக்க வேண்டுமென்ற கடப்பாட்டை, 2024 ஓகஸ்டில் வலுவுக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டமும் உள்ளடக்கியிருக்கிறது. வெளிநாட்டுக்கு அனுப்பும் எண்ணமுள்ள எங்கள் விற்பனையாளர்கள் இப்போதே இதைப் பழகிக்கொள்வது நன்று.

அதிகாரிகளிடம் ஒரு வேண்டுகோள். இணைய வியாபாரம் பற்றிய பயிற்சிப் பட்டறைகள் எங்களுக்கு நடத்தப்படுகின்றன. அவற்றில் பக்கம் திறக்கவும் விளம்பரம் போடவும் சொல்லிக்கொடுக்கிறார்கள். அந்த மண்டபத்துக்குச் செலவாகும் பணத்தில் கல்முனையில் ஒன்றும் மட்டக்களப்பில் ஒன்றுமாக, வெள்ளைத் துணித் திரை, இரண்டு நல்ல விளக்குகள், உடைமாட்டும் பொம்மை ஒன்று, படமெடுக்கத் தெரிந்த ஒருவர் என்று ஒரு சிறு அறையை ஒதுக்கித் தர முடியாதா? சிறு தொழில்களுக்குத் தொழில்நுட்ப உதவி தர பிரதேச செயலகங்களோடு இயங்கும் விதாதா வள நிலையங்களில் இதற்கு ஓர் இடம் இருக்கும். நெசவாளி தன் துணியை மடித்துக்கொண்டு வந்து, அரை மணி நேரத்தில் நான்கு நல்ல படங்களோடு வீட்டுக்குப் போகலாம். விளம்பர வேலை செய்யும் இளைஞர்களும் அந்தப் படங்களையே எடுத்துப் பயன்படுத்தலாம். மயிலை வரைவிக்க வேண்டிய தேவை அவர்களுக்கும் இராது. தமிழில் எழுதப்பட்ட ஒரு பக்க மாதிரி ஒப்பந்தமும் அதே அறையில் கிடைக்குமானால் என்னைப் போன்றவர்கள் கணக்கை இழந்து நிற்கும் நிலை வராது.

இறுதியாகத் தங்களிடமும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. தங்கள் பத்திரிகையின் பண்டிகைக் காலப் பக்கங்களிலும் இவ்வகைப் படங்களோடு துணிக்கடை விளம்பரங்கள் வரத் தொடங்கியிருக்கின்றன. கடந்த மாதம் வந்த ஒன்றில், சேலைத் தலைப்பு பெண்ணின் முழங்கைக்குள் புகுந்து மறுபுறம் வராமலே நின்றுவிட்டதைப் பார்த்தேன். விளம்பரத்தை ஏற்கும்போது படம் செயலியால் உருவாக்கப்பட்டதா என்று தங்கள் விளம்பரப் பிரிவு ஒரு கேள்வி கேட்டு, ஆம் எனில் அதன் கீழ் ஒரு வரி போட்டால், அச்சில் வருவதை இன்னமும் நம்பி வாங்கும் எங்கள் பெரியவர்களுக்கு அது உதவும்.

வெள்ளவத்தையிலிருந்து திரும்பி வந்த அந்தப் பச்சைச் சேலையின் படம் ஒன்றை இக்கடிதத்துடன் இணைத்திருக்கிறேன். நானே எடுத்தது. கரையின் இரண்டாவது கோட்டருகே, அறுந்த நூலைக் காக்கா முடிந்த சிறு முடிச்சு ஒன்று அதில் தெரியும். பக்கத்தில் இடமிருந்தால் வெட்டாமல் பிரசுரிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கைத்தறி விற்பனையாளர் ஒருத்தி,
கல்லடி, மட்டக்களப்பு.